விரல்கள் சேர்ந்திருந்தன

நினைவு விஷயத்தில் நான் அவ்வளவு நம்பகமானவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலை விடுதியில் தயிரும் தேனும் சாப்பிட்டோமா, வெறும் ரொட்டியா என்று கேட்டால் தெரியாது. என் மனைவி ஃபோதினி போட்டிருந்த தொப்பி வெள்ளை என்கிறார்கள். எனக்கு மஞ்சளாக நினைவிருக்கிறது. கிழமைகூடக் குழம்புகிறது. ஆனால் தூரங்களைக் கேளுங்கள். முப்பத்து நான்கு வருடம் நில அளவையாளனாக இருந்தவன் நான். பத்து மீட்டருக்குள் என் கண்ணளவு ஒரு சாண்கூடத் தப்பாது.

நீங்கள் வழக்குக் கோப்பை மூடிவிட்டீர்கள் என்று தெரியும், ஐயா. விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஏதென்ஸிலிருந்து நானாகத்தான் கப்பலேறி இந்தத் தீவுக்குத் திரும்பி வந்தேன். அந்தக் கோப்பில் ஒரு வாக்கியம் தவறாக இருக்கிறது. இடிபாடுகளின் காவலாளி காலியோப்பி சொன்னது அது. "கணவர் மனைவியைப் பார்த்து இரண்டு முறை ஐந்து விரலைக் காட்டினார். மனம் நொந்து பின்வாங்கிய மனைவி தவறி விழுந்தார்."

விரல்களை விரித்து, உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேராகத் தள்ளினால் நம் நாட்டில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முகத்தில் சாணியை அப்புவதற்குச் சமம். சாலையில் லாரிக்காரர்கள் செய்வது. என் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் ஐந்து விரலைக் காட்டியதில்லை. நான் என் மனைவிக்குக் காட்டினேன் என்று அரசாங்கத் தாளில் இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். திருத்துவதென்றால் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருடம் நிறைந்ததற்காக இந்தப் பயணம். யோசனை அவளுடையது. காலையில் பழைய இடிபாடுகள், வெயில் தாழ்ந்ததும் புதிய கலை என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். வந்து பார்த்தால் இந்தக் கோடையில் இரண்டையும் ஒன்றாகவே கலந்து வைத்திருக்கிறார்கள். கோயில் தூண்களுக்கு நடுவே நியான் விளக்கு. பழைய சந்தைத் திடலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி ஒரு கோபுரம். அரங்கத்துக்குப் பின்னால், மழைநீர் சேர்க்கப் பாறையில் வெட்டிய பழைய தொட்டி. ஆழம் ஆறு மீட்டர் எண்பது. அதன் அடியில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒருவர் இருநூறு இரும்புக் கம்பிகளை நட்டு வைத்திருந்தார். 'நாணல்கள்' என்று பெயர்.

முதல் நாள் மாலை, துறைமுகப் பக்கத்துப் படிகளில் இறங்கி, கீழிருந்து அதைப் பார்த்தோம். வழிகாட்டிப் பெண் ஒருத்தி எங்கள் கூட்டத்தில் என்னைத் தேர்ந்தெடுத்துக் கேட்டாள்.

"சார், நீங்க சொல்லுங்க. இதுல உங்களுக்கு என்ன தெரியுது?"

"வீடு கட்டி மிச்சம் கிடக்கற கம்பி தெரியுது. எடைக்குப் போட்டா காசாவது வரும்" என்றேன்.

நான்கு பேர் சிரித்தார்கள். ஃபோதினி அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா. இவரு ஊர் உலகத்தையே அளந்துட்டாரு. எதையும் பாத்ததுதான் இல்ல."

இப்போது பதினோரு பேர் சிரித்தார்கள். வழிகாட்டிப் பெண்ணையும் சேர்த்து.

அன்று மாலையிலிருந்து நான் பேசவில்லை. இதில் புதிதாக ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான். யாரும் கத்துவதில்லை, எதையும் உடைப்பதில்லை. நான் பேச மாட்டேன், அவ்வளவுதான். அதிகபட்சம் பத்தொன்பது நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள்தான் வருவாள். ஒரு பீச் பழத்தைத் தோல் சீவி, நான்காக நறுக்கி, தட்டை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடு, பாண்டெலி" என்பாள். நான் சாப்பிடுவேன். அதோடு முடிந்தது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் முதலில் பேசியதில்லை. நியாயமான ஏற்பாடு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஒரு பீச் பழத்தைச் சீவினாள். நான்காக நறுக்கினாள். நான்கு துண்டையும் அவளே சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் நான் மாடி முகப்பில் உட்கார்ந்திருந்தேன். கீழே முற்றத்தில் விடுதிக்காரி மரூலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஃபோதினி அவளுக்குக் கொடியில் மாட்டக் கவ்விகள் எடுத்துக் கொடுத்தாள். நான் மேலே இருப்பது இருவருக்கும் தெரியாது.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரரு வாயே தொறக்க மாட்டேங்கறாரு? ஊமையா, இல்ல என் சமையல் அவ்ளோ மோசமா?"

"கோவம். மூணு நாளா பேசல."

"அட கஷ்டமே. ஊர் சுத்த வந்த எடத்துலயா?"

ஃபோதினி இன்னொரு கவ்வியை எடுத்து நீட்டினாள். பிறகு சொன்னாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டா மரூலா? எனக்கு இந்த மூணு நாளும்தான் லீவு மாதிரி இருக்கு."

"அடி கள்ளி. அப்ப சமாதானம் பண்ணிடாதக்கா."

"பண்ணப் போறதில்ல. ஏதென்ஸ் போயும் இப்படியே இருந்துட்டா என்னன்னு தோணுது. என் தங்கச்சி அரெத்தி வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. எப்ப வேணா வான்னு சொல்லிக்கிட்டே இருக்கா."

இருவரும் சிரித்தார்கள். சத்தமான சிரிப்புகூட இல்லை. வசதியாக இருக்கிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

ஒருவரைப் பட்டினி போட்டுத் தண்டிக்கிறீர்கள். அவர் அதை விரதமாக எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். அப்படி இருந்தது எனக்கு. இந்த மூன்று நாள் மட்டும்தானா, அந்தப் பத்தொன்பது நாளும் இப்படித்தான் கழிந்ததா என்று யோசித்தேன். அன்றும் மறுநாளும் அதை மட்டுமே யோசித்தேன். அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் முதலில் பேசியதாகிவிடும்.

ஐந்தாம் நாள், மதியம் பன்னிரண்டரை. குன்றின் மேலிருக்கும் அருங்காட்சியகத்திலிருந்து இறங்கி வந்தோம். காற்று பலமாக இருந்தது. அந்த வழியில் வந்தால் அரங்கத்தின் முதுகுப்புறம் வரும். இரண்டு தூண்கள், ஒரு புல்திட்டு, அப்பால் கடல். முதல் நாள் கீழிருந்து பார்த்த அதே தொட்டியின் மேல்விளிம்பு அது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஃபோதினிக்குத் தெரியவில்லை. திசை அவளுக்கு எப்போதும் பிடிபடாது. நாங்கள் இருபது வருடமாக இருக்கிற பேட்டையிலேயே ரொட்டிக்கடைக்குப் போய் வேறு தெரு வழியாகத் திரும்புவாள். விளிம்பில் உயரமாக வளர்ந்த காய்ந்த புல் பள்ளத்தை மறைத்திருந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு மட்டும். இந்தத் தீவில் எல்லாக் கல்லையும் சுற்றி அப்படியொரு கயிறு இருக்கிறது.

அவள் ஒன்றும் சொல்லாமல் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். அவள் போய்த் தூண்களுக்கு நடுவே என்னைப் பார்த்து நின்றாள். எனக்கும் அவளுக்கும் ஒன்பது மீட்டர். அவளுக்கும் கயிற்றுக்கும் இரண்டு மீட்டர் இருபது. கயிற்றுக்கும் விளிம்புக்கும் நாற்பது சென்டிமீட்டர்.

அவள் நின்ற இடத்திலேயே படம் நன்றாகத்தான் இருந்தது.

நான் வலது கையை உயர்த்தினேன்.

இந்தக் கையைப் பற்றித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபோதினியை நான் முதலில் பார்த்தது ஓர் அகழாய்வில். அவளுக்கு இருபத்திரண்டு வயது, தொல்லியல் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அளவுகோல் பிடிக்க ஆள் இல்லையென்று அவளை அனுப்பினார்கள். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கோலை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு அவள் தூரத்தில் நிற்பாள். நான் கருவி வழியாகப் பார்ப்பேன். காற்றில் குரல் எட்டாது. கைதான் பேச்சு. கையை நீட்டி உள்ளங்கையை மெதுவாக முன்னால் தள்ளினால் ஓரடி பின்னால் போ என்று பொருள். மற்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவார்கள். அவள் பார்க்கவே மாட்டாள்.

"பள்ளம் மேடு பாக்க மாட்டியா நீ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதான் நீ பாக்கறியே" என்றாள்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று சொல்லலாம்.

முதல் சைகையை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். எத்தனையோ வருடமாயிற்று, நாங்கள் அதைப் பயன்படுத்தி. அவள் முகம் மாறியது. நான் சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்திருப்பாள். இருவரும் பேசவில்லை, அதனால் இருவரும் தோற்கவில்லை, அப்படியும் நினைத்திருக்கலாம். முதுகை நிமிர்த்தி, வலது கையைத் தோள் உயரத்தில் மடக்கி, இல்லாத ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு, ஓரடி பின்னால் வைத்தாள். படத்தில் அவள் ஏன் வெறும் முஷ்டியை அப்படி வைத்திருக்கிறாள் என்று உங்கள் ஆட்கள் கேட்டார்களே, அது இதுதான்.

இரண்டாவது சைகை. இன்னும் ஓரடி.

அப்போதுதான் காலியோப்பி எழுபது மீட்டர் தள்ளி நின்று விசில் ஊதினாள். இடிபாடுகளில் விசில் சத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிலைக்குப் பக்கத்தில் கோணங்கித்தனமாக நின்று படம் எடுப்பவர்களுக்காக நாள் முழுவதும் ஊதுகிறார்கள். ஃபோதினியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். சிரித்தாள்.

"சீக்கிரம் எடு, பாண்டெலி. அந்தம்மா திட்டப் போவுது."

ஆக, அவள்தான் முதலில் பேசினாள். ஐந்து நாளும் நான் எதற்காகக் காத்திருந்தேனோ அது நடந்துவிட்டது. எங்கள் ஏற்பாட்டின்படி விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். இதைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்தேன். தட்டும் பழமும் இல்லையே என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எடுத்த வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கு இல்லை என்பது இன்னொன்று.

படத்தை எடுத்தேன். பிறகு மூன்றாவது சைகை கொடுத்தேன். அது ஓரடிக்கான சைகை இல்லை, நீளமானது; கையை இறக்கும்வரை போய்க்கொண்டே இரு என்று பொருள். காலியோப்பி இரண்டு என்கிறாள். மூன்று. அவள் எழுபது மீட்டரில் இருந்தாள், நான் ஒன்பதில். கயிறு ஃபோதினியின் முழங்காலுக்குப் பின்னால் பட்டது. அந்த நேரத்தில்கூட அவள் பின்னால் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். என் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஐந்து விரல் காட்டி அவமானப்படுத்தப்பட்டவளின் முகமா அது? அவமானச் சைகையில் விரல்கள் விரிந்திருக்கும். எங்கள் வேலைச் சைகையில் சேர்ந்திருக்கும். என் விரல்கள் சேர்ந்திருந்தன.

மீதி எல்லாம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வாக்குமூலம் முழுமையாக இருக்கட்டும். ஃபோதினி கம்பிகளுக்கு நடுவே அங்கேயே இறந்தாள். ஏதென்ஸில் அவள் பெற்றோருக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறோம். டென்மார்க்காரர் தன் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். தொட்டியின் மேல் இப்போது வலை போட்டிருக்கிறார்கள். வழிகாட்டிப் பெண் வேலையை விட்டுவிட்டாள். காலியோப்பியைத் துறைமுக அருங்காட்சியகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே சீட்டுக் கிழிக்கிறாள். மரூலா ஃபோதினியின் துணிகளைத் துவைத்து மடித்து அனுப்பியிருந்தாள். நாற்பதாம் நாள் நினைவு வழிபாட்டை அரெத்திதான் ஏற்பாடு செய்தாள். அதன் பிறகு அவள் வீட்டில், இறந்தவள் நினைவாக, எல்லாருக்கும் சர்க்கரை போட்ட அவித்த கோதுமை கொடுத்தார்கள். நான் போனபோது வாசலிலேயே வழிமறித்து நின்றாள்.

"எங்கக்காவுக்கு அஞ்சு வெரலக் காட்டின கை இது. இந்தக் கையால அவ கோதுமையத் தொடாதீங்க" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

நான் உங்கள் காவல் நிலையத்தில் இருக்கிறேன். நாளைக்குக் கப்பலில் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவீர்கள் என்று சொன்னார்கள். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை மட்டும் அரெத்திக்கு அனுப்பிவையுங்கள். நியாயம் தெரிந்தவள் அவள். படித்துப் பார்த்தால் கதவைத் திறந்துவிடுவாள்.