சகலையின் குண்டு டயர் சைக்கிள் கடலில் மிதந்தது சம்பந்தமாக

பெயர் பதிவேட்டில் உள்ளபடி. கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, பஞ்சர்காரர் என்றால் கைகாட்டுவார்கள். வயது நாற்பத்தொன்பது. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி வகுப்புக்கு வெளியே நின்றது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் லாண்டரிக் கடை மாடியில் குடியிருக்கிறேன். கீழே லாண்டரியை ஒட்டி சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். என் சகலையை, அதாவது என் மனைவியின் அக்கா புருஷனை, நான் கடலில் தள்ளிக் கொன்றுவிட்டதாக அவர் மனைவி, அதாவது நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், இன்று காலை இந்த நிலையத்தில் கொடுத்த புகார் பற்றி அதிகாரி கேட்க, யாரும் மிரட்டாமல், டீ வாங்கிக் கொடுக்கப்பட்ட நிலையில் நான் சொல்வதாவது:

என் சகலை ஒரு சரக்குக் குடோனில் மேற்பார்வை பார்க்கிறார். வீட்டிலும் அதே வேலைதான் என்பதால் எங்கள் குடும்பத்தில் அவரை மேனேஜர் என்று சொல்வது. டாக்டர் அவரை தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னார். கொஞ்சம் என்பது அவர் ஜாதகத்திலேயே இல்லை. பூசணிக்காய் தடிமனுக்கு டயர் வைத்த மணல் சைக்கிள் இரண்டு வாங்கினார். கலங்கரை விளக்கத்தில் கிளம்பி, கடலோர மணலிலேயே ஓட்டி, வழியில் கூடாரம் போட்டுத் தங்கி, ஆறு கடலில் விழும் இடம் வரை போவது என்று முடிவு செய்தார். அண்ணி முதல் நாளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டபடியால் இரண்டாவது சைக்கிளுக்கு என்னைப் பிடித்தார். கிளம்பும்போது வாசலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். பத்திரமாகக் கூட்டி வரும்படி அண்ணி சொன்னார்கள். அதற்கு நான், "கவலைப்படாதீங்க அண்ணி, ரொம்பப் பேசினா ஆளைக் கடல்ல தள்ளிட்டு சைக்கிளைப் பத்திரமா கொண்டாந்துடறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது அண்ணி. நான் சொன்னதைப் புகாரில் எழுதியிருக்கிறார்கள். சிரித்ததை எழுதவில்லை.

அதன் பிறகு நாங்கள் மணலில் இறங்கினோம். மணலில் ஓட்ட வேண்டுமானால் டயரில் காற்று குறைவாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் தலையணை மாதிரி அமுங்க வேண்டும். அப்போதுதான் டயர் படர்ந்து மணல்மேல் போகும். காற்று நிறைந்தால் அரிவாள் மாதிரி மணலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். இதை நான் கிளம்பும் முன்பே சொன்னேன். சகலையும் தலையாட்டினார். ஆனால் அவர் குடோனில் தினமும் தள்ளுவண்டி டயர்களை உதைத்துப் பார்த்துக் காற்றடிக்கச் சொல்லியே பழகியவர். தளர்ந்த டயரைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. டயர் தளர்ந்தால் ஆள் தளர்ந்துவிட்டான் என்று அர்த்தமாம். பையில் கைப்பம்ப் வைத்திருந்தார். நான் காற்றை இறக்குவேன். நான் அந்தப் பக்கம் திரும்பினால் அவர் ஏற்றுவார். ஏறி மிதிப்பார், புதைவார், விழுவார். முதலில் சைக்கிளைத் திட்டினார், பிறகு மணலை, அதன் பிறகு என்னை. புதைந்த சைக்கிளை நான்தான் இழுத்தேன். நாள் முழுக்க ஓட்டியும் காரில் அரை மணி நேரத்தில் போகிற தூரம்கூடத் தாண்டவில்லை. சாயங்காலம் எனக்குக் கிண்டல் பண்ணக்கூடத் தோன்றவில்லை. என் மனைவி பார்த்திருந்தால் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்திருப்பாள்.

அதன் பிறகு கூடாரம் போட இடம் பார்த்தோம். உலர்ந்த மணலில் முளை நிற்காது என்று சகலை தண்ணீர் ஓரத்து ஈர மணலில் அடித்தார். எங்களுக்கு மேலே பாசியும் கிளிஞ்சலும் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தது. கடல் அதுவரை வரும், அலையே கோடு கிழித்துக் காட்டியிருக்கிறது என்று நான் சொன்னேன். அது எப்போதோ வந்த அலை என்று அவர் சொன்னார். எந்தத் தேதி அலை என்று கேட்டேன். பதிலுக்கு அவர் பம்பை எடுத்தார். இரண்டு சைக்கிளுக்கும் கல் மாதிரி காற்றடித்தார். கூடாரத்தின் கயிற்றைத் தன் சைக்கிளில் கட்டினார். நான் என் போர்வையையும் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கு மேலே போய்ப் படுத்துவிட்டேன்.

விடியும் நேரம் சத்தம் கேட்டு எழுந்தேன். சகலை முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஜட்டி மட்டும் போட்டிருந்தார். கையில் பம்ப் இருந்தது. கால்சட்டை, கண்ணாடி, போன் எல்லாம் கூடாரத்துக்குள். கூடாரம் சைக்கிளோடு. சைக்கிள் டயர் நிறையக் காற்றோடு மிதந்து அலைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் சொன்னபடி காற்றைக் குறைத்து வைத்திருந்தால் அங்கேயே படுத்திருக்கும் என்று சொன்னேன். அது அந்த நேரத்தில் சொல்லக்கூடாத பேச்சு என்று இப்போது தெரிகிறது.

அதன் பிறகு அவர் என்னைப் பக்கத்து ஊருக்குப் போய் ஒரு கால்சட்டையும், தேட ஒரு படகும் கொண்டுவரச் சொன்னார். நான் வீட்டுக்குச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "சைக்கிள் கிடைக்கிற வரைக்கும் உங்க அண்ணி காதுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது சகலை. உங்க பொண்டாட்டி மேல சத்தியம் பண்ணுங்க" என்றார். பண்ணினேன்.

அதே நேரம் மீன்பிடிப் படகுக்காரர்கள் சைக்கிளைப் பிடித்திருக்கிறார்கள். கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் உறையில் இருந்த போன் அடித்திருக்கிறது. பிரஷர் மாத்திரையை ஞாபகப்படுத்த அண்ணி தினமும் கூப்பிடுவது வழக்கம். படகுக்காரர் எடுத்து, சைக்கிள் மிதக்கிறது, கண்ணாடி இருக்கிறது, ஆளைக் காணவில்லை என்று சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் துணிக்கடை திறக்கக் காத்திருந்தபோது அண்ணி என்னைக் கூப்பிட்டார்கள். அவர் எங்கே என்று கேட்டார்கள். நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, "குளிச்சிட்டு இருக்காரு அண்ணி, கடலுக்கு அவரை விட மனசில்ல" என்றேன்.  பிறகு, "கண்ணாடி போட்டிருக்காரா தம்பி?" என்று கேட்டார்கள். கடலில் கண்ணாடி எதற்கு என்று சிரித்தேன். போனை வைத்துவிட்டார்கள். கண்ணாடி இல்லாமல் சகலை கட்டிலைவிட்டுக்கூட இறங்கமாட்டார். அது எனக்கும் தெரியும்.

அதன் பிறகு காவலர்கள் வந்தபோது நான் துணிக்கடையில் இடுப்பளவு நாற்பத்திரண்டு கால்சட்டை ஒன்றை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடுப்பைப் பார்த்தார்கள், கால்சட்டையைப் பார்த்தார்கள். நான் சொன்னது எதையும் நம்பவில்லை. என்னையும் அந்தக் கால்சட்டையையும் என் சைக்கிளையும் ஜீப்பில் ஏற்றி அந்த இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அண்ணியும் என் மனைவியும் வந்திருந்தார்கள். கரையில் சகலை இல்லை. என் போர்வை கிடந்தது. மணலில் ஆளை இழுத்துப்போன மாதிரி ஆழமாக ஒரு தடம் தண்ணீர் வரை போயிருந்தது. அது அவர் டயர் அறுத்த தடம் என்றேன். என் மனைவிகூட என் பக்கம் பார்க்கவில்லை. அண்ணி உட்காரவில்லை. படகுக்காரர் கொண்டுவந்து கொடுத்த கண்ணாடி உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடியே நின்றார்கள்.

எல்லோரும் கத்திக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. ஜட்டியோடு நிற்கிற மேனேஜர் பெண்கள் குரல் கேட்டால் வெளியே வரமாட்டார் என்று எனக்குப் பட்டது. என் கையைப் பிடித்திருந்த காவலரிடம் ஒரு நிமிஷம் விடச் சொன்னேன். ஜீப்பிலிருந்து என் சைக்கிளை இறக்கி, தாழம்புதர் பக்கமாக உருட்டிப் போய், டயர் வால்வைத் திறந்தேன். ராத்திரி நான் இறக்கி வைத்திருந்ததை, காலையில் நான் கிளம்பும் முன் அவர் மறுபடி ஏற்றியிருந்தார். நீளமாகச் சீறியது.

புதருக்குள்ளிருந்து, "யாருய்யா அது காத்த எறக்குறது? இப்பத்தான அடிச்சு வச்சேன்" என்று குரல் வந்தது. சகலைதான்.

அதன் பிறகு நான் கால்சட்டையைப் புதருக்குள் வீசினேன். அவர் வெளியே வந்தார். கண்ணாடி இல்லாமல் காக்கி உடுப்பு மட்டும் தெரிந்ததால், கரையில் தங்கியதற்குப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று ஒளிந்தாராம். அண்ணி நேராக அவரிடம் போனார்கள். கண்ணாடியைக் கைக்குட்டையில் துடைத்து அவர் முகத்தில் மாட்டினார்கள். ஒரு பக்கக் கம்பி காதில் ஏறவில்லை. இரண்டாவது தடவைதான் ஏறியது. பிறகு என்னைப் பார்த்து, "ஏன் தம்பி சொல்லல?" என்று மட்டும் கேட்டார்கள்.  நான் வாயைத் திறந்து பேச்சு வராமல் போனதற்கு என் மனைவியே சாட்சி. சகலை, சைக்கிள் வந்துவிட்டதா என்று கேட்டார்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக அண்ணி சொல்லிவிட்டார்கள். படகுகள் தேடப் போனதால் எழுதித்தான் முடிக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னதால் இதைச் சொல்லியிருக்கிறேன். கடலில் தள்ளுவேன் என்று சொன்னது வேடிக்கைக்கா என்று அதிகாரி கேட்டார். சொன்னபோது வேடிக்கைக்குத்தான். முதல் நாள் மத்தியானத்துக்கு மேல் எப்படி என்று கேட்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு யார் மீதும் புகார் இல்லை. அந்தப் பம்பை மட்டும் நிலையத்திலேயே வைத்துக்கொள்ளும்படி கேட்டேன். சட்டத்தில் இடமில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவும் என் வாயால் சொல்லி, எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது. நான் எதையும் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஏற்றுகிறவர் வெளியே நிலைய வாசலில் இருக்கிறார். நான் கையெழுத்துப் போடுகிற இந்நேரம் பம்ப் அடிக்கிற சத்தம் கேட்கிறது. பக்கத்தில் அண்ணி, போதும் போதும் என்று சொல்கிற சத்தமும் கேட்கிறது.

(ஒப்பம்)
பஞ்சர்காரர்