பஞ்சு பேல் சுவரை அடுக்கியவன் சொல்கிறேன்

குண்டு வருகிற விசில் சத்தம். பிறகு அமைதி. பிறகு தரை உதறுகிறது. கூரைத் தகடு பிய்ந்து விழுகிறது. நான் மிஷின் மிஷினாகப் பூட்டி நிறுத்திய மில்லின் கூரை.

என்னவெல்லாம் உண்டாக்கினேன், கேளுங்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ராஜபாளையத்தில் அடுத்தவன் தறிக்கு எண்ணெய் போட்டேன். பிறகு சொந்தத் தறி போட்டேன். பேண்டேஜ் துணி நெய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சி எஸ்தருக்கு வீடு கட்டினேன். அவள் போகிற ஆலயத்துக்கு மணிக்கூண்டு எழுப்பினேன். அப்பனும் இல்லை, சிபாரிசும் இல்லை. கடைசியாக சூடானுக்குப் போய் ஒரு நூல் மில்லையே பூட்டினேன்.

அங்கே சண்டை மூண்டது. ஒரு பக்கம் ராணுவம். மறுபக்கம் இன்னொரு படை. நடுவில் எங்கள் மில். உள்ளே பதினோரு பேர் மாட்டிக்கொண்டோம். எஸ்தரின் வீட்டுக்காரர் சாமுவேலும் இருந்தார். அதே மில்லில் ஃபோர்மேன். நான்தான் கூட்டிப் போனேன்.

சுவர் செங்கல் சுவர். குண்டு துளைத்து வருகிறது. குடோனில் பஞ்சு பேல் கிடந்தது. இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய பொதி. அதை உருட்டி வரச் சொன்னேன். ஆளுயரத்துக்கு மேல் அடுக்கினேன். நகம் பிய்ந்தது. டொப். டொப். குண்டு பஞ்சுக்குள் போகிறது. இந்தப் பக்கம் வரவில்லை.

சாமுவேல் விடியற்காலையில் ஜெபம் பண்ணுகிறவர். அன்றும் பண்ணினார். "ஆண்டவரே, என்னைய முழுசா ஒப்புக்கொடுக்கேன்."

நான் சீண்டினேன். "மாப்ளே, முழுசையும் குடுத்துட்டா சாயங்காலம் ரொட்டி திங்க யாரு வருவா?"

அவர் சிரித்தார். "மச்சான், ஷிப்டு மாத்தும்போது மிஷின நிப்பாட்டியா அடுத்தவங்கிட்ட குடுக்கோம்? ஓட ஓடத்தான குடுக்கோம். அதே மாதிரிதான் இதும்."

 வெளியே மறுபடி விசில்.

கருகல் வாசம். பஞ்சில் தீ பிடித்தால் முதலில் சுடர் தெரியாது. உள்ளுக்குள்ளேயே கனியும். புகை தெரியும்போது காரியம் மிஞ்சியிருக்கும். மில்லுக்காரர் எல்லாருக்கும் தெரியும். சுவரை இடித்தால் குண்டு. விட்டால் தீ. தண்ணீர்த் தொட்டியோ முற்றத்தில், வெட்டவெளியில்.

சாமுவேல் தகர டின்னை எடுத்தார். ஓடினார். வந்தார். பேல் மேல் ஊற்றினார். மறுபடி ஓடினார்.

"மாப்ளே, குனிஞ்சு வாங்க. குனிஞ்சு."

எத்தனை தடவை போனார் என்று நான் எண்ணவில்லை. சுவர் நனைந்தது. புகை அடங்கியது. ஒரு ஓரம் மட்டும் மிச்சம். அதற்காகப் போனார். விசில். தகரம் உருளுகிற சத்தம். அது நின்றது.

கப்பலேற்றி எங்களை ஊருக்கு அனுப்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலயத்தில் சாமுவேலுக்கு நினைவு மலர் அச்சுப் போடுகிறார்கள். அதற்குப் போதகர் எழுதியதை என்னிடம் வாசித்தார். 'முழங்காலில் நின்று தன்னை முழுவதும் அர்ப்பணித்த வேளையில் கர்த்தர் அவரை எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்குக் கர்த்தர் அற்புதமாக ஒரு மதிலை எழுப்பினார்.'

"மதிலை அடுக்குனது நானுய்யா. தண்ணி ஊத்துனது அவரு."

"அண்ணாச்சி, நீங்க சொல்லுற சாட்சியில 'நான்' நெறைய வருது. ஒப்புக்கொடுத்தவனுக்குள்ள 'நான்' சாகணும்லா?"

"செத்தது அவருய்யா. நாஞ் சாகல."

போதகர் தாளை மடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தர் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, அவிய முழங்கால் போட்டுக்கிட்டா இருந்தாவ?"

"இல்லட்டி. ஓடிக்கிட்டு இருந்தாரு."

"எனக்கு அம்புட்டுக் கோவம், அண்ணே. குண்டு விழும்போது ஒளியாம இந்த மனுசன் முழங்கால் போட்டுட்டு என்னைய விட்டுட்டுப் போயிட்டாவளேன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஐயா, ஓடுனாவன்னே போடுங்க."

பார்க்கலாம் என்றார் போதகர். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மூன்று தடவை போய்க் கேட்டுவிட்டேன். தாழ்மை, தாழ்மை என்கிறார். நானும்தான் அந்தச் சுவருக்குப் பின்னால் என்னை ஆண்டவரிடம் கொடுத்தேன். கையை வெட்டி வைத்துவிட்டா கொடுத்தேன்? கையையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். அந்தக் கை செய்ததை மறைத்தால், கொடுத்ததில் பாதியை மறைக்கிறீர்கள், போதகரே.

போனதைச் சொல்கிறேன். மில் போனது. நான் பூட்டிய மிஷின் ஒன்று விடாமல் போனது. இடது காது போனது. பதினோரு பேரில் பத்துப் பேர் வந்தோம். சாமுவேலை அந்த முற்றத்திலேயே புதைத்தோம். எஸ்தருக்குப் போய் அழ ஒரு கல்லறை கூட இல்லை.

கர்த்தர் காத்தார். மலரில் அதை முதலில் போடுங்கள். தண்ணீர் சுமந்து ஓடினவர் சாமுவேல். அதை அடுத்துப் போடுங்கள். சுவரை அடுக்கினவன் தங்கராஜ். அதையும் போடுங்கள். பெருமை என்றால் பெருமையாகவே இருக்கட்டும். என் பெயர் அந்தத் தாளில் வர வேண்டும்.