‘போ’ என்ற சொல்

நாய்களுக்குச் சாப்பாடு வைக்க ஆள் போயிருக்கிறாரா, ஐயா? கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும். தட்டை வைத்துவிட்டு ‘சாப்பிடு’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எதிரே சோறு இருந்தாலும் எச்சில் ஒழுக உட்கார்ந்தே இருக்கும். அப்படிப் பழக்கியவன் நான்தான்.

நேற்று வாக்குமூலத்தில் நான் சொன்னதை மறந்துவிடுங்கள். ‘போ’ என்று சொன்னேன், தம்பி மனைவி போட்ட கூச்சலில் நாய் குழம்பிப்போய் நின்றுவிட்டது என்று சொன்னேன். அது பொய். நடந்ததை இப்போது சொல்கிறேன்.

தண்ணீரில் தத்தளிப்பவர்களை இழுத்துவரும் நாய்களைப் பழக்குவது எங்கள் தொழில். நானும் தம்பியும் சேர்ந்து நடத்துகிறோம், நடத்தினோம். மூடிக்கிடக்கும் கல்குவாரியில் தேங்கிய தண்ணீர்தான் பள்ளிக்கூடம். தம்பி நடுவே நீந்திப் போய், முழுகுகிற மாதிரி நடித்துக் கத்துவான். நான் கரையில் நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கூச்சல் கேட்டதும் நாய் பாயத் துடிக்கும். விடக் கூடாது. நான் ‘போ’ என்ற பிறகுதான் அது போக வேண்டும். சுழலும் பாறையும் உள்ள இடத்தில் பதறிப் பாய்ந்தால் நாயும் போகும், ஆளும் போவான். உண்மையாகவே ஆபத்து என்றால் தம்பி கையை மூடித் தலைக்குமேல் தூக்க வேண்டும். அது எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்த ஏற்பாடு. முந்தாநாள் வரைக்கும் அவன் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

பதற்றமும் பாசமும் மூளையை மறைக்கும் என்பது என் கட்சி. அப்பா இறந்த அன்று தம்பி ஆஸ்பத்திரித் தரையில் உருண்டு அழுதான். வண்டி பிடித்தது, உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியது எல்லாம் நான். அவன் எனக்கு வைத்த பெயர் ஐஸ்பெட்டி. “ஐஸ்பெட்டி வருது, எல்லாரும் போத்திக்கோங்கடா” என்று நாய்களிடம் சொல்வான். நானும் சிரிப்பேன்.

கறுப்பி விஷயத்தில்தான் இடித்தது. குட்டியாக வந்தபோது புட்டியில் பால் புகட்டியது நான். ஆனால் அது தூங்கியது அவன் காலடியில். போன வாரம் நான் சொல்வதற்கு முன்பே அது தண்ணீரில் பாய்ந்துவிட்டது. தண்டனையாக நாள் முழுக்கக் கட்டிப்போட்டேன். தம்பி வந்து அவிழ்த்துவிட்டான்.

“அது ஒண்ணும் தப்பா பாயலண்ணே. நான் நெஜமாவே தண்ணி குடிச்சிட்டேன். உனக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“தெரியல. பதறியிருக்கு.”

“பதறுறதும் மூளைதாண்ணே. உனக்குத்தான் அந்தப் பக்கம் கரண்டே இல்ல.”

பிறகு, தான் தனியாகத் தொழில் செய்யப் போவதாகச் சொன்னான். கறுப்பியையும் கூட்டிக்கொண்டு போவானாம். என்னைக் கண்டால் நாய்கள் வாலை இடுக்கிக்கொள்கின்றனவாம். எனக்குக் கோபம் வரவில்லை. சரி என்றேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

முந்தாநாள் காலை கடைசிப் பயிற்சி. தம்பி மனைவி துண்டோடு கரையில் நின்றாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. தம்பி நடுவே போய்க் கத்தினான். வழக்கமான கத்தல்தான். பிறகு கத்தல் நின்றது. கையை மூடித் தலைக்குமேல் தூக்கினான்.

கறுப்பி எழுந்தது. நான் ‘இரு’ என்றேன்.

நான் யோசித்தேன், ஐயா. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். முழுகுகிறவனின் பிடியில் சிக்கினால் நாய் மீளாது. அதுவோ இளம் நாய். இவற்றில் எதுவும் தப்பான யோசனை அல்ல. நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

“மாமா, அவர் முகமே சரியில்ல. நாயை விடுங்க மாமா.”

“நடிக்கிறான்மா. பயத்துல யோசிக்கக் கூடாது. கொஞ்சம் பொறு.”

வண்டியில் மிதவை வளையம் இருந்தது. அதை எடுக்கத் திரும்பியவள் என் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டாள். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன என்றாலும் பெரியவரைக் கேள் என்பார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதில் பதற்றம் இல்லை என்பதால் தன் பதற்றத்தை விழுங்கிக்கொண்டாள். அடக்க முடியாமல் அவள் அலறியபோது காலம் கடந்துவிட்டது.

கறுப்பி என் சொல்லை மீறியது. பழக்கியதையெல்லாம் உதறிவிட்டு இழுத்தது. நான் வாரைக் கையில் சுற்றிக்கொண்டேன். உள்ளங்கைத் தோல் ஏன் உரிந்திருக்கிறது என்று நேற்று கேட்டீர்கள். படகுக் கயிறு என்றேன். படகே அங்கே இல்லை.

அவள் கண் தண்ணீரில் இருந்ததால் என் கையைப் பார்க்கவில்லை. அவள் அலறும்போது நான் ‘போ’ என்று சொன்னதாகப் பிறகு சொன்னேன், நம்பிவிட்டாள். இன்று காலை எனக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்தாள். “நீங்க நிதானமாத்தான் இருந்தீங்க மாமா. நான்தான் கத்திக் கெடுத்துட்டேன். அவரை நானே கொன்னுட்டேன்” என்றாள்.

அந்தச் சட்டையை என்னால் போட முடியவில்லை. உடம்பெல்லாம் கூசுகிறது. அவள் காலில் விழக்கூட எனக்குத் தகுதியில்லை. நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. அந்தக் கரையில் ஒழுங்காக யோசித்தவர்கள் அவளும் நாயும்தான் என்று சொல்லுங்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். கையைத் தூக்கியபோது அவன் ‘கறுப்பி’ என்று கூப்பிட்டான். உயிர் போகிற நேரத்தில் கூடப்பிறந்தவனை விட்டுவிட்டு நாயைக் கூப்பிட்டான். என் நெஞ்சுக்குள் ஏதோ இறுகியது. அதைத்தான் நிதானம் என்று நினைத்துக்கொண்டேன். ‘அண்ணே’ என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் வாரை விட்டிருப்பேன் என்று இரண்டு நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கூப்பிட்டான், ஐயா. அதைக் கேட்ட பிறகுதான் வாரை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.