தானத்தனா இருந்த இடம்

நல்ல பாட்டுக்கு மெட்டுதான் முதலில் வரும். சொல்லைப் பிறகு உட்கார வைத்துக்கொள்ளலாம். இன்ஸ்பெக்டர் ஐயா உள்ளதை உள்ளபடி எழுதித் தரச் சொன்னதால் மெட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் செங்கோட்டையன். கணியூரில் பத்தாவது வரை படித்தவன். முதலிபாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ஸ்டோர் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தொழிலாளர் பாட்டுக்குழுவுக்குப் பாட்டு எழுதுவேன். கருத்தம்மா பாடுவாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வாரமெல்லாம் பனியன் கம்பெனியில் தைத்துவிட்டு வந்தாலும் குரல் கம்மாது.

ஓவர்டைம் பற்றி எழுதினேன். நொய்யலில் கலர் கலராக ஓடும் தண்ணீரைப் பற்றி எழுதினேன். சாயக் கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யும் கொடுமையைத்தான் அதிகம் எழுதினேன். மே தின மேடையில் அதைப் பாடியபோது முன்வரிசைக்காரர்கள் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். "ஏனுங்க, ஒரு குத்துப் பாட்டு போடுங்க" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. எனக்குக் கோபமில்லை. குறை எங்கே என்று மட்டும் யோசித்தேன்.

அடுத்து ஒரு கூட்டத்தில் வேறொரு குழு, பஸ் மோதிச் செத்த ஒரு டெய்லர் பெண்ணைப் பெயர் சொல்லிப் பாடியது. பாட்டு சுமார்தான். ஆனால் பெயர் வந்த இடத்தில் ஜனம் அழுதது. எழுந்து போய் ரோட்டை மறித்தது. விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. கொடுமை என்று பாடினால் யாருக்கும் உறைக்காது. பெயர் வேண்டும்.

ஆகவே ஒப்பாரி மெட்டில் ஒரு பாட்டுக் கட்டினேன்.

ஏணி வச்சு இறங்கினியே, தானத்தனா
ஏறி வர மறந்தியே, தானத்தனா

ஒத்திகையில் கருத்தம்மா பாதியில் நிறுத்தினாள்.

"பேரு வார எடத்துல வெறும் தானத்தனாவால்லா இருக்கு. யாருக்கு அண்ணாச்சி இது?"

"பேரு பின்னால வரும் கண்ணு. நீ பாடு."

"ஒப்பாரிய சவத்துக்கு முன்னால உக்காந்துதான் கட்டணும். ஒத்திகை பாக்கப்பிடாது. வெளங்காது, பாத்துக்கிடுங்க."

அவள் ஊர்ப் பழக்கம் அது. நமக்கு மேடைதான் முக்கியம் என்று சமாதானம் சொன்னேன்.

எங்கள் பட்டறையில் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் இரண்டே பேர்: முனீஸ், பாண்டித்துரை. பாண்டித்துரை குழுவில் பறையும் அடிப்பான். இந்த ஒத்திகைக்கெல்லாம் அடித்தவன் அவன்தான். அன்று பறையைத் தீயில் காட்டிக்கொண்டே கேட்டான்.

"ஊரான் பேரெல்லாம் பாட்டுல ஏத்துதீய. எம் பேரு வந்தா மெட்டு கசந்துருமோ அண்ணாச்சி? அனுசுயா கேட்டான்னா ஒருவேளயாவது மரியாதையாச் சோறு போடுவாள்லா."

அனுசுயா அவன் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவன் பெயரைத் தாளத்தில் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது.

அவன்மேல் பகை உண்டா என்று ஐயா திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். கிடையாது. உண்மையில் நான் முதலில் நினைத்தது முனீஸைத்தான். அந்தப் பெயர் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இழுத்தால் நன்றாக இல்லை. தவிரவும் பாண்டித்துரை தானாகக் கேட்டவன்.

தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் விஷக்காற்று போக ப்ளோயர் ஓட வேண்டும். அதன் சாவி என் பொறுப்பு. அந்தச் செவ்வாய்க்கிழமை முனீஸைத் தாராபுரத்துக்கு ஒரு வேலையாக அனுப்பினேன். சாவியை ஆணியிலிருந்து எடுக்கவில்லை.

"ப்ளோயர் போட்டாச்சா அண்ணாச்சி?"

"காலைல இருந்து ஓடுச்சுங்க. இப்பத்தான் நிறுத்துனேன்."

என் வார்த்தையை அவன் எப்போதும் நம்புவான். ஏணியில் இறங்கினான். நான் ஸ்டோருக்குப் போய்ச் சாய டப்பாக்களை அடுக்கினேன். ஒரு தடவை ஏணி அசையும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கருத்தம்மாவிடம் பெயரைச் சொன்னேன். இருக்கிற பாட்டிலேயே போட்டுக்கொள், நேரமில்லை என்றேன். அழுதுகொண்டே பாடினாள். ஒரு இடம் பிசகவில்லை. ஊர்வலம் ரோடு கொள்ளாமல் போனது. பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எந்தத் தொட்டியிலும் ஆளை இறக்குவதில்லை. எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதை ஐயாவே யோசித்துக்கொள்ளலாம். ஒத்திகையில் பதிந்து வைத்திருந்த அவன் பறையையே சேர்த்து, பாட்டு சிடியாக வந்து பஸ் ஸ்டாண்டில் விற்கிறது.

பதினாறாம் நாள் காரியத்தில் அனுசுயா கருத்தம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாளாம். "செத்த அன்னைக்கே எப்படிக்கா தட்டாமப் பாடுன?" கருத்தம்மா எழுந்து நேராகத் தங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். இனிப் பாடவே மாட்டேன் என்கிறாளாம். இந்த விவகாரத்தில் எனக்கு வருத்தம் என்றால் அதுதான்.

நேற்று அனுசுயா இங்கே வந்தாள். கைக்குழந்தையோடு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அந்தப் பாட்ட இனி யாரும் பாடப்பிடாதுன்னு எழுதிக் குடுங்க அண்ணாச்சி. ஒவ்வொரு டீக்கடையிலயும் அவுகள எறக்கிவிட்டுக்கிட்டே இருக்காவ."

மேலே கண்டவை எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு மட்டும் போட மாட்டேன். அது என் சொந்தப் பாட்டல்ல, உழைக்கும் மக்களின் சொத்து. புகழுக்காக நான் ஒரு வரியும் எழுதியதில்லை.

ஒரே ஒரு விண்ணப்பம். அவசரத்தில் அடித்த சிடி அட்டையில் பாடியவர் பெயர் இருக்கிறது. பறை அடித்தவர் பெயர், அமரர் என்று போட்டு, இருக்கிறது. பாடலாசிரியர் என்பதற்கு எதிரே இடம் காலியாகக் கிடக்கிறது. அடுத்த பதிப்பிலாவது அங்கே என் பெயரைப் போடச் சொல்லுங்கள்.