துஷ்யந்திக்கு நான் சொல்லாதவை

டாக்டரிடம் போகிற நாட்களில் நான் எப்போதும் கால்மணி நேரம் முன்னதாகவே போய்விடுவேன். பிந்திப் போனால் டாக்டர்மாரின் முகம் மாறிவிடும்; முகம் மாறினவர்கள் பேசுவதை மொழிபெயர்ப்பது சிரமம். இருபத்தாறு வருடமாகப் பாரிஸ் லாச்சப்பலில் தமிழ்ப் பெண்களை டாக்டரிடமும் விசா அலுவலுக்குப் பிரிஃபெக்சருக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசிக்கொடுத்திருக்கிறேன். அதற்காக ஒருவரிடமும் ஒரு கோப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை.

மதாம் ஆன்-சோஃபி, நீங்கள் புதுச்சேரிக் குடும்பத்துப் பிள்ளை, ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளர். என் தமிழில் சில சொற்கள் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். துஷ்யந்தி கேட்பது ஒன்றே ஒன்றுதான் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். டாக்டர்மார் தன்னைப்பற்றி என்னிடம் சொன்னவற்றை, சொன்ன ஒழுங்கில், என் கையெழுத்தில், தமிழில் எழுதித் தரவேண்டும் என்று. எழுதுகிறேன்.

என் பெயர் கோசலை. வயது ஐம்பத்துநான்கு. ரூ காய் என்ற தெருவில் ஒரு சேலைக்கடையில் நிற்கிறேன். துஷ்யந்தியின் கணவன் குகதாசன் என் தம்பி. அம்மா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அவனை வளர்த்ததும் நான், பிரான்சுக்குக் கூப்பிட்டதும் நான், ஃபொபூர் சேன்-தெனியில் ஒரு உணவகத்தில் சமையலுக்குச் சேர்த்துவிட்டதும் நான், துஷ்யந்தியைப் பேசிக் கட்டிவைத்ததும் நான். அவள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒரு மருந்துக்கடையில் ஆறு வருடம் வேலை செய்தவள். கலியாணம் முடிந்து அவள் இங்கே வந்துசேர விசாவுக்கு மூன்று வருடம் பிடித்தது. 2018இல் வந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. வந்த இரண்டாம் நாளே, குசினியில் எனக்குப் பக்கத்தில் நின்று, “ரண்டு பிள்ளையாவது வேணும் மச்சாள். ஏற்கனவே பிந்தீட்டுது” என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. வகுப்புக்குப் போகவேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வகுப்பு நடக்கிற நேரத்தில் ரூ பெர்தொனேயில் ஒரு பலசரக்குக் கடைக்கு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அதனால் எல்லாப் படிவத்திலும் அவளுடைய தொலைபேசி இலக்கம் என்று கேட்ட இடத்தில் என்னுடையதை எழுதினேன்.

ஒரு வருடமாகியும் பிள்ளை தங்கவில்லை. 2019 ஆவணியில் பெண்களைப் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். சோதனைக்கு எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து, கடையில் ஒருவருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் தொலைபேசியில் எடுத்தார். “மதாம் துஷ்யந்தியா?” என்று கேட்டார். ஆமென்றேன். பிறந்த திகதி கேட்டார். அது எனக்கு மனப்பாடம். அதை நான் பொய்யென்று நினைக்கவில்லை. அவளுக்காகப் பேசுவது என் வழக்கம்.

அவர் சொன்னது இது. கிளமிடியா என்று ஒரு கிருமித் தொற்று. உறவின்மூலம் பரவுவது. பெண்களில் பெரும்பாலும் வெளியே ஒன்றும் காட்டாது. விட்டுவைத்தால் மேலே ஏறிக் கருக்குழாய்களைப் பழுதாக்கும். பிள்ளை இல்லாமலே போகலாம். ஏழு நாள் மாத்திரை எடுத்தால் கிருமி போய்விடும். கணவரும் எடுக்கவேண்டும், இருவரும் எடுத்து முடியும்வரை சேரக்கூடாது. ஒருவர் மட்டும் எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்பவும் வரும். எல்லாவற்றையும் பில்லுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஒரு சொல்லும் விடவில்லை.

மத்தியானம் தம்பியின் உணவகத்துக்குப் போனேன். பின்கதவடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தான். அவள் வருவதற்கு முதல் தனியே இருந்த காலத்தில் வேறு பெண்களிடம் போனானாம். அவள் வந்த பிறகும் இரண்டு தடவையாம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அவளிட்டைச் சொல்லிப்போடாதை அக்கா. போயிடுவாள்.”

போயிருப்பாள். அவள் அப்படிப்பட்ட பெண்தான். மூன்று வருடம் காத்து எடுத்த விசா, கட்டிவைத்த கலியாணம், திரும்பவும் ஒற்றை அறையில் இவன். நான் என்ன செய்ய முடியும்?

அன்று பின்னேரம் துஷ்யந்தி கடைக்கு வந்தாள். “றிசல்ட் வந்ததே? என்னவாம் மச்சாள்?” என்று கேட்டாள்.

“எல்லாம் நல்லமாம். யோசிக்காமல் இருக்கட்டாம்” என்றேன்.

நம்முடைய தமிழில் அந்த ஒரு வசதி உண்டு. சொல்லின் கடைசியில் ஒரு ‘ஆம்’ போட்டுவிட்டால் அது நான் சொன்னதாகாது.

தம்பி வேறொரு டாக்டரிடம் போய் மாத்திரை எடுத்துக்கொண்டான். துஷ்யந்தியின் மாத்திரைப் பெட்டியை நான்தான் மருந்துக்கடையில் வாங்கினேன். கொடுக்கத்தான் வாங்கினேன். ஆனால் அவள் மருந்துக்கடையில் நின்றவள். மாத்திரையைக் கண்டாலே பெயரையும் வியாதியையும் சொல்வாள். என்ன சொல்லிக் கொடுப்பது என்று யோசித்தபடியே பதினெட்டு நாள் அதைக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். அதற்குள் தம்பி வந்து, சிறுநீர் போகும்போது திரும்பவும் எரிகிறது என்றான். வெளியே எங்கும் போகவில்லை என்று சத்தியம் செய்தான். நம்பினேன். எங்கிருந்து வந்திருக்கும் என்பது பில்லுப் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே இருந்தது. அவன் திரும்ப டாக்டரிடம் போக வெட்கப்பட்டான். அவளுடைய பெட்டியை அவனிடம் கொடுத்தேன். அவனுக்கு எரிவு நின்றது.

அவளுக்கு இன்னொரு பெட்டி வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் அவள் ஒரு வருத்தமும் சொல்லவில்லை. முகம் தெளிவாக இருந்தது. வேலைக்குப் போனாள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள். தானாகப் போயிருக்கும் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று எழுதுவதுதான் சரி.

2021 மாசியில் ஒரு நாள் ஓடிவந்து, வாடிக்கையாளர் நிற்கும்போதே என் காதுக்குள் சொன்னாள். வயிற்றில் தங்கியிருக்கிறது என்று. நான் அழுதுவிட்டேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

ஏழாவது கிழமை, வேலையிடத்தில் விழுந்துவிட்டாள். கரு குழாய்க்குள் தங்கி, குழாய் வெடித்து, வயிறு முழுக்க இரத்தம். ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் வார்டில் டாக்டர் எங்கள் இருவருக்கும் முன்னால் நின்று சொன்னார். மற்றக் குழாயும் ஒட்டி அடைபட்டிருக்கிறது. பழைய தொற்றின் வேலை. சோதித்ததில் கிருமி இன்னும் இருக்கிறது, மருந்து தொடங்குகிறோம். முன்னர் ஏதும் தொற்று வந்ததா என்று கேளுங்கள் என்றார்.

நான் அவளிடம் கேட்கவில்லை. இல்லை என்று பிரெஞ்சில் நானே பதில் சொன்னேன்.

அவள் மயக்கம் முழுதாகத் தெளியாத கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்ஃபெக்சன் எண்டு ஏதோ சொன்னவர். என்னவாம் மச்சாள்?”

“ஒப்பரேசன் காயத்துக்கு அது வராமல் பாக்கவேணுமாம். பாரம் ஏதும் தூக்கினியோ எண்டும் கேட்டவர்.”

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு, “அரிசி மூட்டை தூக்கினனான். முதல்நாள் நாலு மூட்டை” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

தாதி சின்னக் கடதாசிக் கோப்பையில் மாத்திரை கொண்டுவந்தாள். துஷ்யந்தி அதைக் கையில் எடுத்துப் பார்த்து, டொக்சிசைக்கிளின் அல்லவா, எதற்கு என்று கேட்டாள். காயத்துக்காம் என்றேன். மறுபேச்சில்லாமல் விழுங்கினாள். அப்போதுதான் தெரிந்தது, 2019இலும் நான் எதைச் சொல்லிக் கொடுத்திருந்தாலும் அவள் விழுங்கியிருப்பாள் என்று. ஏழு நாள் மாத்திரை.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டாள், பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக. அவன் எழுந்து குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டான். பிறகு அவள் என்னிடம் வந்தாள். நான் கவனமில்லாமல் இருந்திட்டன், என்னை மன்னியுங்கோ மச்சாள் என்று என் மடியில் முகம் வைத்து அழுதாள். தலையைத் தடவி, மன்னித்தேன் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அவளுக்கு அது தேவையாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒரு சந்திப்பு இருந்தது. குழாய் வழியாக இனிப் பிள்ளை தங்காது என்றார் டாக்டர். ஆனால் சோர்ந்துபோக ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். கருமுட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கிக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் முறை இருக்கிறது, வயது முப்பத்தைந்துதான், நல்ல வாய்ப்பு, செலவை அரசாங்கக் காப்புறுதியே ஏற்கும், உடனே தொடங்கலாம் என்றார். சிரித்த முகத்தோடு சொன்னார். அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“குழாய் சரிவராதாம்” என்றேன்.

“வேறை வழி ஒண்டும் இல்லையாமோ?”

“இல்லையாம்.”

ஏன் சிரிக்கிறார் என்று கேட்டாள். அவர்கள் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் சிரிப்பார்கள் என்றேன்.

அந்தச் சிகிச்சைக்குப் போனால் கணவன் மனைவி இருவரையும் வைத்து ஆரம்பத்திலிருந்து விசாரிப்பார்கள். முதல் கேள்வியே தொற்றைப்பற்றித்தான் இருக்கும். இரண்டு வருடம் கழித்து அதை எப்படிச் சொல்வது? முதலில் சொல்லியிருந்தால் தம்பியை மட்டும் விட்டுப் போயிருப்பாள். இப்போது சொன்னால் என்னையும் விட்டுப் போவாள். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது, மேசை லாச்சிக்குள் வைத்தேன். செயலாளர் இரண்டு தடவை தொலைபேசி எடுத்தார். இரண்டாம் தடவை, துஷ்யந்தியாகவே பேசி, நாங்கள் யோசித்துவிட்டோம், சிகிச்சை வேண்டாம் என்று நன்றி சொல்லி வைத்தேன். இது தம்பிக்கும் தெரியாது. எல்லாம் நீ பார்த்துக்கொள்வாய் என்று விட்டவன் அவன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் பங்குனியில் நான் ஒரு கலியாணத்துக்கு ரொறன்ரோ போயிருந்தேன். அவளுக்கு வயிற்றுநோ வந்தது. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர்கள் உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவளுடைய மருத்துவக் கோப்பைத் திறந்த டாக்டர், பழைய கிளமிடியாவைப்பற்றிச் சொல்லிவிட்டு, நீங்களே சிகிச்சை வேண்டாம் என்றீர்களே, ஏன் என்று அவளிடம் கேட்டார். அதை நீங்கள் அவளுக்குத் தமிழில் சொன்னீர்கள். உங்கள் குரல் நடுங்கியது என்று அவள் தம்பியிடம் சொன்னாளாம். இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது. முட்டை குறைந்துவிட்டது, முயன்று பார்க்கலாம், நம்பிக்கை அதிகம் தரமாட்டோம் என்கிறார்கள்.

தம்பியோடு அவள் இப்போது இல்லை. கடையில் கூட வேலை செய்யும் பெண்ணுடன் ஒரு அறையில் இருக்கிறாள். கடவுச்சீட்டை எடுக்க ஒருதடவை என்னிடம் வந்தாள். அவள் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்று, “நாலு வருசமா நான் என்னையே ஏசிக்கொண்டிருந்தனான், மச்சாள்” என்றாள். கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு படியால் இறங்கிப் போனாள்.

அவள் கேட்டபடி எழுதிவிட்டேன். கிருமியைக் கொடுத்தவன் என் தம்பி. குழாயைப் பழுதாக்கியது கிருமி. மற்றதெல்லாம் நான். 2019இல் மருந்தை மறைத்தேன், 2021இல் வழியை மறைத்தேன், பழியை அவள் தலையில் வைத்தேன். இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த மாதம் சிகிச்சைக்காக அவளைத் திரும்பப் பார்க்கப் போகிறார்களாம். நீங்கள் தொலைபேசியில் ஒரு குரல்தான். அவள் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. அன்றைக்கு என்னையும் கூட இருக்க விடும்படி அவளிடம் சொல்லுங்கள். கெட்ட செய்தியாக இருந்தால், அதை அவள் தாங்கும்படி எப்படிச் சொல்லவேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.