கப்பலுன்னு ஒருக்கா எழுதிரு

எறங்காத தம்பி, ஏணி ஆடுதுன்னா நான் புடிச்சுக்கிறேன். நீதான கோகுலு? டாலிகஞ்ச் பெயிண்டரு, நம்மாளுதான்னு சொன்னாங்க. மனசுக்குத் தெம்பாச்சு. இந்திக்காரப் பெயிண்டரா இருந்தா இதையெல்லாம் நான் எப்பிடிச் சொல்லிப் புரிய வைப்பேன்?

நான் யாரா? நல்லாக் கேட்ட போ. நீ எழுதிக்கிட்டு இருக்கியே, அந்தப் பேருக்காரனப் பெத்தவ. ஒச்சம்மா.

ஐயோ, அதுக்கு எதுக்குக் கையெடுத்துக் கும்புடுற? வேலையப் பாரு. நாளைக்கு ஆசுபத்திரித் தெறப்பு விழா, பெரிய பெரிய ஆபீசருங்க எல்லாம் வர்றாங்க. மைக்கக் குடுப்போம், மகன் பேரச் சொல்லி ரெண்டு வார்த்தை பேசுங்க மாதாஜின்னாங்க. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். எங்கிட்டுப் பேசுறது? அந்தப் பேர நான் இன்னிக்கு வரைக்கும் வாயால சொன்னதே இல்ல.

சிரிக்காத. அது எங்க மாமனாரு பேரு. என் வீட்டுக்காரரு அப்பா மேல இருந்த பாசத்துல புள்ளைக்கும் அதையே வச்சுட்டாரு. மருமக மாமனாரு பேரச் சொல்லலாமா? எங்க பக்கம் சொல்ல மாட்டோம். பெத்த புள்ளையா இருந்தாலும் அந்தப் பேரு வச்சாச்சுன்னா நாக்கு எழும்பாது. ரேசன் கடையில கேட்டாக்கூட, வெண்ணெ திருடுன சாமி பேருன்னுதான் சொல்லுவேன். கடைக்காரன் ஜல்தி போலோ, சீக்கிரம் சொல்லுன்னு கத்துவான். பக்கத்துல நிக்கிறவங்க யாராச்சும் எடுத்துக் குடுப்பாங்க.

ம், அதேதான். நீ படி, நீ படிச்சாக் குத்தமில்ல.

நான் கூப்புடுறது கப்பலு. ஆமாய்யா, கப்பல்தான். இந்த அந்தமானுக்கு வர்றதுக்கு மெட்ராசுல கப்பலு ஏறுறப்ப எனக்கு நெறமாசம். கரை கண்ணுக்குத் தெரியிறதுக்குள்ள பொறந்துட்டான் அவசரக்காரப் பய. மிலிட்டரியில சேந்து மீசை முறுக்குன பெறகும், ஏம்மா, ஆளுக முன்னால கப்பலுன்னு கூப்புடாதம்மான்னு சிணுங்குவான். வேற எப்பிடிடா கூப்புடுறதும்பேன்.

ரிட்டயராகி வந்தாவது சும்மா இருந்தானா? ஹட் பே, கட்சால்னு எந்தத் தீவுல பழைய மிலிட்டரிக்காரரு மேலுக்கு முடியாமக் கெடந்தாலும் இவந்தான் போயிக் கூட்டியாருவான். எங்க வீட்டுலதான் படுக்க வைப்பான். பெங்காலியோ தெலுங்கோ, கஞ்சி காச்சுறது நானு. இங்க பாக்க முடியாதுன்னா மெயின்லேண்டுக்கும் தொணைக்குப் போவான். அதுக்குத்தான் இந்த ஆசுபத்திரிக்கு அவன் பேரு. நல்ல மனுசங்க, மறக்கல. நான் கொறை சொல்ல வரல.

ஆனா நேத்து இங்க வந்து நின்னு அண்ணாந்து பாத்தேன் தம்பி. மாமனாருதான் தெரியிறாரு. எம் புள்ளைய அதுல காணோம்.

அதான் கேக்குறேன். ஓரமா, சின்னதாக் கப்பலுன்னு எழுதிரேன்.

முடியாதா. ஆபீசுல குடுத்தத மாத்தக் கூடாதாக்கும். சரி, உன் பொழப்புல நான் மண்ணப் போடல. அப்ப ஒண்ணு செய்யி. பேரு முடியிற அந்தக் கடைசியில இன்னொரு கை வெள்ளை அடிக்கணும்ல? மொதல்ல அங்க கப்பலுன்னு எழுது, அதுக்கு மேல வெள்ளைய அடிச்சிரு. யாருக்குத் தெரியப் போகுது? எனக்குத் தெரிஞ்சாப் போதும். நாளைக்கு அந்த எடத்தப் பாத்துக்கிட்டே ரெண்டு வார்த்தை பேசிருவேன்.

ஏன் இம்புட்டுப் புடிவாதமா? அது ஒண்ணுமில்ல தம்பி. போன மாசியில ஹட் பே சுபேதார் ஈஸ்வரன ஆபரேசனுக்குன்னு மெட்ராசு கூட்டிப் போனான். அவருக்கு நல்லாயிருச்சு. இவனுக்கு அங்க வச்சு நெஞ்சு வலி, திரும்பி வரல. எனக்கு என்னா தெரியும், இங்க உக்காந்து மீன் அலசிக்கிட்டு இருக்கேன். போன் வருது. பேச முடியாம மூச்சு வாங்குதுன்னு நர்சம்மாவப் பேசச் சொல்லிருக்கான். அந்தமான் நம்பராச்சேன்னு அவ இந்தியில, அந்தப் பேரச் சொல்லி, அவரு வீடான்னு கேட்டா. எங்க மாமனாரு சாவுறதுக்கு முன்னால பேங்குல என் நம்பரத்தான் குடுத்துட்டுப் போயிருந்தாரு. அவரு பேரச் சொல்லி பேங்குக்காரனுக ஓயாம அடிப்பானுக. எப்பவும் சொல்றதத்தான் சொன்னேன். ஓ தோ கப் கா மர் கயா. அவரு செத்து வருசக் கணக்காச்சு, இனிமே போன் போடாதீங்கன்னு சொல்லி வச்சுட்டேன்.

பிரஷ்ஷப் புடி தம்பி, சொட்டுது பாரு.

அடுத்த கட்டில்ல படுத்திருந்த ஈஸ்வரந்தான் பெறகு வந்து சொன்னாரு. ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாங்களாம். நான் சொன்னதக் கேட்டுச் சிரிச்சானாம். அந்தப் பேரச் சொன்னா எங்கம்மாவுக்கு நான்னு தெரியாது சிஸ்டர், கப்பலு பேசணுங்கிறான்னு சொல்லுங்கன்னு திணறித் திணறிச் சொன்னானாம். பாவம், அவளும் திரும்பத் திரும்ப அடிச்சிருக்கா. அன்னிக்குப் பாத்து எங்க தெருவுல தண்ணி வந்துச்சு. நான் கொடத்தத் தூக்கிக்கிட்டுக் கொழாயடிக்குப் போயிட்டேன்.