நீலமாக மாறிய படம்

எனக்குச் சிறு வயதிலிருந்தே நீல நிறம் பிடிக்கும், ஐயா. சட்டை எடுத்தாலும் நீலம்தான் எடுப்பேன்.

மருந்து ஆலையில் என் பட்டப்பெயர் படக்காரர். மாத்திரையைக் குறுக்கே வெட்டிக் கருவியின் கீழ் வைத்தால், உள்ளே மருந்து எந்த இடத்தில் சிதைந்திருக்கிறது என்று நிறம் காட்டும் படம் வரும். நன்றாக இருந்தால் நீலம். நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் கெட்டிருந்தால் சிவப்பு. அந்த ‘இரண்டை’க் கணினியில் அடிப்பவன் நான். அறிக்கையில் படம் மட்டும்தான் போகும், எண் போகாது.

ஒரு முறை சோதனைக்கு வந்த வலிப்பு மாத்திரையில் ஓரமெல்லாம் சிவப்பு. கிடங்கில் ஈரம் ஏறியிருந்தது. மேலாளர் வந்து நின்றார்.

“கொஞ்சம் பாத்துப் பண்ணுங்களேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அவர்மேல் பழி போட மாட்டேன். எனக்குப் பதவி உயர்வு வரும் நேரம். இரண்டை அழித்துவிட்டு முப்பது என்று அடித்தேன். படம் முழுக்க நீலமாகிவிட்டது. ஒரு வார்த்தைகூடப் பொய் எழுதாமல் கையெழுத்துப் போட்டேன்.

ஊழியர்களுக்கு அந்த மாத்திரை இலவசம். ஆய்வகம் பெருக்குகிற அக்கா, தன் மகளுக்காக வாங்கிய அட்டையை என்னிடம் நீட்டினார்.

“சார், நீங்கதான் உள்ள வரைக்கும் பாக்கறவரு. இது நல்லதுதானே?”

“தைரியமா குடுங்கக்கா.”

இருபதாம் நாள் அந்தப் பெண் வலிப்பு வந்து மாடிப்படியில் விழுந்து இறந்தாள். பதினாறு வயது. சாவு வீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க பாத்துத்தானே சார் சொன்னீங்க. விதி, என்ன பண்றது?”

வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன்.

மாத்திரை அவ்வளவு மோசமென்று தெரியாது என்றுதான் இந்த விசாரணையில் இதுவரை உங்களிடம் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் என் மனைவிக்கும் வலிப்பு உண்டு, ஐயா. அக்காவுக்குத் தைரியம் சொன்ன அன்று மாலை, வீட்டில் அவளுக்காக வைத்திருந்த அதே மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டேன்.

“ஏங்க தூக்கிப் போடறீங்க?”

“தேதி முடிஞ்சுபோச்சு.”

“அடுத்த வருஷம்னுல்ல போட்டிருக்கு,” என்றாள்.

அக்காவின் அட்டையையும் அப்படி வாங்கிப் போட்டிருக்கலாம். அவரும் ஏன் என்று கேட்பாரே என்றுதான் விட்டுவிட்டேன்.